புளிப்பில் வளர்ந்த அழுக்கு

ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுத் தம்பி பையில் ஆறு கண்ணாடிப் போத்தல்களோடு வந்து சேர்ந்தான். வீட்டில் கொம்புச்சா போடுகிறான். (பீர் காய்ச்சத்தான் ஆசை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இங்கே கலால் சட்டப்படி குற்றம் என்று சொல்லித் தேநீர்ப் பக்கம் திருப்பிவிட்டவள் நான்.)

“அரிசி போட்டுக் குலுக்கிட்டேன், வினிகர் ஊத்தி ராத்திரி முழுக்க வெச்சிட்டேன். அடியில இருக்கிற வளையம் போகமாட்டேங்குதுக்கா.”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பு வளையம், தொட்டால் வழவழப்பு. கொம்புச்சாவே புளித்த தேநீர். புளிப்பிலேயே வளர்ந்த அழுக்கு வினிகருக்கு அசையுமா? வினிகர் கேட்கிற அழுக்கு வேறு. சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுப்போகும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவத்தை அது கரைத்துவிடும். சிலாங்கூர், லங்காட் ஆறுகளின் நீரைக் குடிக்கும் நமக்கு அந்தத் தொல்லை குறைவு.

இந்த வளையத்தில் இருப்பது செத்த ஈஸ்ட், பாக்டீரியா சுரந்த பசை, தேயிலைக் கறை. இதற்குக் காரம் வேண்டும். தோட்டத்துப் பாட்டிமார் அடுப்புச் சாம்பலால் எண்ணெய்ப் போத்தலைக் கழுவியது இதற்காகத்தான். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், நல்ல காரம். இன்று அந்த வேலைக்கு சோடியம் பெர்கார்பனேட். துணிக்குப் போடும் ஆக்சிஜன் வெளுப்புத் தூளில் முக்கியச் சரக்கு அதுதான், வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்கவேண்டும். நீரில் கரைந்ததும் சலவைச் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடுமாகப் பிரியும். ஒன்று பசையை இளக்கும், மற்றது கறையை வெளுக்கும்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். கொதிநீர் வேண்டாம்; குளிர்ந்த கண்ணாடி சட்டென்று விரிசல் விடும். கையுறை போட்டுக்கொண்டு, கழுத்துவரை நிரப்பி, இரவு முழுக்க வைக்கவேண்டும். மூடியை மட்டும் போட்டுவிடக்கூடாது. ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருக்கும், அடைத்தால் போத்தல் வெடிக்கலாம். கம்பி மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே கழுவு என்றேன். அதன் அடியில்தான் பூஞ்சை குடியிருக்கும்.

“அப்போ குளோராக்ஸ் ஊத்தினா சீக்கிரம் போயிடாதாக்கா?”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். வினிகர் மிச்சம் இருக்கிற போத்தலில் அதை ஊற்றினால் வருவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அதைச் சுவாசிப்பது விளையாட்டல்ல. மணல், இரும்பு நார் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் கிருமி ஒளியும், அழுத்தம் தாங்கும் பலமும் குறையும். அரிசி பரவாயில்லை, ஆனால் ஊறிய பிறகு குலுக்கவேண்டும். நாள் முழுக்க ஊறியது, ஐந்து நிமிடம் தேய்த்ததைவிட நன்றாகப் போகும்.

அலசியபின் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது.

மறுநாள் மாலை ஐந்து போத்தல் பளிச்சென்று வந்தன. பழைய சாமான் கடையில் வாங்கிய ஆறாவதில் வெண்மங்கல் அப்படியே இருந்தது. வினிகருக்கும் போகவில்லை, காரத்துக்கும் போகவில்லை. அது அழுக்கே இல்லை, கண்ணாடி அரித்துப்போயிருக்கிறது. அதில் இப்போது என் மணிப் பிளான்ட் வளர்கிறது.