வரவேற்பறையில் ஒரு பந்தயத்தடம்

அண்மையில் வாடிக்கையாளர் ஒருவர், கிளைக்கு வந்த வேலை முடிந்த பின்னரும் எழுந்து செல்லாமல், சற்றுத் தயங்கியபடி ஒரு கேள்வியைக் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றால் கேட்டதை வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்களித்திருந்தாராம். மதிப்பெண் வந்துவிட்டது. மகன் கேட்டது மோட்டார் சைக்கிள் அன்று. கார்ப் பந்தய வீடியோ கேம் ஆடுவதற்கான ஸ்டீயரிங், பெடல்கள், அவற்றுடன் கண்களை முழுவதுமாக மூடிக்கொண்டு வேறோர் உலகைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட். அதற்கு ஈடுகொடுக்கும் கணினியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், மோட்டார் சைக்கிளின் விலையே வந்து நிற்கிறது.

"இது விளையாட்டுச் சாமானா, கற்றுக்கொள்ள உதவும் கருவியா? தவணையில் வாங்குவது சரியா?" என்று அவர் கேட்டார். தவணையைப் பற்றிச் சொல்ல எங்களுக்குத் தெரியும். முதல் கேள்விக்கு விடை தெரியவில்லை. எனவே, இதழ்க் குழுவிலிருந்து மூவர், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் சிமுலேட்டர் கூடம் ஒன்றுக்குச் சென்று ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தோம். அங்குக் கண்டதையும், அதன்பின் படித்தும் கேட்டும் அறிந்ததையும் இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

மூவர், மூன்று கருத்துகள்

எங்களில் ஒருவர் சிறுவயதிலிருந்தே கார்ப் பந்தய விளையாட்டுகளில் பழகியவர். 1997-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' தான் அவருடைய தொடக்கம். இன்னொருவர் இருபது ஆண்டுகளாக நாள்தோறும் கார் ஓட்டி அலுவலகம் வருபவர். வீடியோ கேமைத் தொட்டதே இல்லை. மூன்றாமவருக்குக் காரும் தெரியாது, விளையாட்டும் தெரியாது.

கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத் சர்வதேசப் பந்தயத்தடத்தை, ரசிகர்கள் உருவாக்கிய வடிவில் அந்தக் கூடத்தார் வைத்திருந்தனர். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் இந்தியாவின் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்ற இடம் அது. மூன்று முறையும் வென்றவர் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல். சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தை முதலில் சாதாரணத் திரையிலும், பிறகு ஹெட்செட் அணிந்தும் ஆளுக்குச் சில சுற்றுகள் ஓட்டினோம்.

விளையாட்டில் பழகியவர் ஹெட்செட்டைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை, "மூன்றாவது வளைவு மேடு என்பதே இன்றுதான் தெரிந்தது" என்பதாகும். திரையில் அந்த ஏற்றம் சாலையின் நிறம் மாறுவது போலத்தான் தெரியும். ஹெட்செட்டிலோ, கார் மேலே ஏற, வளைவின் உச்சி கண்ணுக்கு மறைந்து, வானம் மட்டும் எஞ்சுகிறது.

கார் ஓட்டுபவரின் வியப்பு வேறு வகையானது. திரையில் ஆடியபோது அவர் எல்லா வளைவுகளிலும் தாமதமாகவே பிரேக் பிடித்தார். ஹெட்செட் அணிந்த இரண்டாம் சுற்றிலேயே தூரம் பிடிபட்டுவிட்டது. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கத் தம்மையறியாமல் தலையைத் திருப்பினார். அங்கே உண்மையாகவே ஒரு கண்ணாடி இருந்தது.

மூன்றாமவர் ஏழே நிமிடங்களில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, வெளியே சென்று படிக்கட்டில் அமர்ந்துகொண்டார். குமட்டலும் தலைச்சுற்றலும் அடங்க அரைமணி நேரம் ஆயிற்று. "விலையில் பாதிக்குக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்" என்பது அவருடைய கருத்து. மூவர் கருத்துக்கும் காரணம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம்.

கண்ணுக்கு மட்டும் கிடைக்கும் உண்மை

ஹெட்செட்டின் உள்ளே இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்கள் காட்டப்படுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டிலிருந்தே நமது மூளை ஆழத்தையும் தூரத்தையும் கணிக்கிறது. தட்டையான திரையில் இந்த வேறுபாடு இல்லை. வளைவு எவ்வளவு தொலைவில் உள்ளது, முன்னே செல்லும் கார் எவ்வளவு நெருக்கத்தில் உள்ளது என்பவை கார்ப் பந்தயத்தின் உயிர்நாடி என்பதால், பிற விளையாட்டுகளைக் காட்டிலும் இதற்கே ஹெட்செட் மிகப் பொருத்தமானது என்று பலரும் கருதுகின்றனர். ஆடுபவர் இருக்கையில் அமர்ந்தே இருக்கிறார். கையில் உண்மையான ஸ்டீயரிங். கண்முன் அசையாத காரின் உட்புறம். மெய்நிகர் உலகில் நடந்து திரியும் விளையாட்டுகளைவிட இதில் உடலுக்குக் குழப்பம் குறைவு.

எனினும், குழப்பம் அறவே இல்லை என்று சொல்ல இயலாது. கார் வேகமெடுப்பதாகவும் திரும்புவதாகவும் கண் சொல்கிறது. நாற்காலி அசையவில்லை என்று உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு சொல்கிறது. இந்த முரண்பாட்டின் விளைவே எங்கள் மூன்றாமவர் பட்ட பாடு. மலைப்பாதையில் பேருந்தில் செல்லும்போது சிலருக்கு மட்டும் குமட்டுவதைப் போலவே இதுவும் ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு நாளும் சில நிமிடங்களாகப் பழகினால் குறைகிறது. சிலருக்குக் குறைவதே இல்லை. படம் தடுமாறினால் தொல்லை கூடும். ஆகையால்தான் இக்கருவிகள் நொடிக்கு 90 படங்கள் அல்லது அதற்கு மேல் காட்டுமாறு அமைக்கப்படுகின்றன. அதாவது, ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 11 மில்லி விநாடி. அதற்குள் இரு கண்களுக்கும் வரைந்தாக வேண்டும். விலை உயர்ந்த கணினி தேவைப்படுவதன் காரணம் இதுவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபார்முலா ஒன் அணிகள் தம் ஓட்டுநர்களைப் பயிற்றுவிக்கும் பெரும் சிமுலேட்டர்களில் பெரும்பாலும் ஹெட்செட்டைப் பயன்படுத்துவதில்லை. வளைந்த பெருந்திரைகளையே பயன்படுத்துகின்றன. சுமார் அரைக் கிலோ எடையை முகத்தில் தாங்கிக்கொண்டு நீண்ட நேரம் ஓட்டுவது எளிதன்று, வியர்வை வேறு. தம் கைகளையும் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களையும் ஓட்டுநர் நேரில் காண வேண்டியும் உள்ளது. ஆக, ஹெட்செட் இல்லாமல் தேர்ச்சி பெற முடியாது என்ற கூற்றுக்கு அடிப்படை இல்லை.

கூடத்தின் பொறுப்பாளர் எங்களிடம் கூறியதும் இதையே உறுதிப்படுத்தியது. நேரத்தைக் குறைப்பது கையும் காலும்தான் என்றார் அவர். டயர் பிடியை இழக்கும் நொடியில் ஸ்டீயரிங் இலேசாவதை விரல்கள் உணர வேண்டும். பிரேக் பெடலை எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு அழுத்தினோம் என்பதைக் கால் நினைவில் வைக்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும் நல்ல பெடல், ஹெட்செட்டைவிட விரைவாக ஓட்டுநரைத் திருத்தும் என்பது அவருடைய அனுபவம்.

விளையாட்டிலிருந்து தடத்துக்கு

மகனின் விருப்பத்துக்குப் பின்னால் ஒரு கனவும் இருப்பதாக அந்த வாடிக்கையாளர் கூறியிருந்தார்: பந்தய ஓட்டுநர் ஆக வேண்டும் என்பது. அது வெறுங்கனவு என்று தள்ளிவிட முடியாது. 2008-இல் நிசான் நிறுவனமும் பிளேஸ்டேஷனும் இணைந்து, கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து உண்மையான பந்தய ஓட்டுநர்களாக்கும் முயற்சியைத் தொடங்கின. முதல் ஆண்டு வென்ற ஸ்பெயினின் லூகாஸ் ஓர்தோன்யெஸ், 2011-இல் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் அணியுடன் எல்.எம்.பி.2 பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். 2011-இல் வென்ற பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ, 2013-இல் அதே பந்தயத்தில் அதே பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். அவரது வாழ்க்கை 2023-இல் திரைப்படமாகவும் வந்தது.

அதே மார்டன்பரோ 2015-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஓட்டிய கார், மேடு ஒன்றில் காற்றில் எழும்பித் தடுப்புக்கு அப்பால் விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். திரையில் எத்தனை முறை மோதினாலும் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். அச்சத்தையும், பிரேக் பிடிக்கும்போது கழுத்தின்மீது இறங்கும் பாரத்தையும், பிறர் உயிர் குறித்த பொறுப்பையும் எந்த ஹெட்செட்டும் கற்றுத் தருவதில்லை.

நம் நாட்டில் இத்துறையின் கதவு குறுகலானது. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓட்டிய இந்தியர் இதுவரை இருவரே: 2005-இல் களமிறங்கிய கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், 2010-இல் களமிறங்கிய சென்னையின் கருண் சந்தோக். கோயம்புத்தூரின் கரி தடம், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடம், புத் தடம் என நிலையான தடங்களின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. டயர், எரிபொருள், பழுதுபார்ப்பு, பயணம் என்று ஒரு பருவப் பந்தயத்துக்கு ஆகும் செலவு பெரும்பாலான குடும்பங்களின் கைக்கு எட்டாதது. அந்த நிலையில், தடத்தின் வளைவுகளை மனப்பாடம் செய்யவும், பந்தய ஒழுங்கைப் பழகவும், ஆர்வம் நிலைக்கிறதா என்று சோதிக்கவும் வீட்டுச் சிமுலேட்டர் மலிவான முதற்படியாகவே இருக்கிறது.

வாங்குமுன் ஒரு கணக்கு

எங்கள் கருத்தை இனி வெளிப்படையாகக் கூறலாம். ஹெட்செட் பயனற்றது அன்று. ஆனால் பட்டியலில் அது கடைசியில் வர வேண்டிய பொருள்.

முதலில், வாடகைக் கூடம் ஒன்றில் நான்கைந்து முறை ஓட்டிப் பார்க்கவேண்டும். குமட்டல் வருமா என்பதை அறிய வேறு வழி இல்லை. சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும். அடுத்து, வீட்டில் ஏற்கெனவே உள்ள தொலைக்காட்சியையோ கணினியையோ கொண்டு ஸ்டீயரிங், பெடல் தொகுப்பை மட்டும் வாங்கலாம். தொடக்கநிலைத் தொகுப்புகள் பெரும்பாலும் 20,000 முதல் 40,000 ரூபாய்க்குள் அடங்கும். ஆறு மாதம் கழித்தும் மாலைதோறும் அதில் அமர்கிறார் என்றால் ஹெட்செட்டைப் பற்றி யோசிக்கலாம்.

காத்திருப்பதால் இழப்பும் இல்லை. சோனியின் இரண்டாம் தலைமுறை ஹெட்செட் 2023-இல் அமெரிக்காவில் சுமார் 550 டாலருக்கு வெளிவந்தது. ஈராண்டில் சுமார் 400 டாலராகக் குறைந்தது. மதிப்பு இவ்வளவு விரைவாக இறங்கும் பொருளுக்கு நெடுநாள் தவணை பொருந்தாது. வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்யப்பட்டாலும், செயல்முறைக் கட்டணம், அதற்கான வரி, ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியார் வழியே தருவிக்கப்படும் கருவிகளுக்கு இந்தியாவில் உத்தரவாதம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம்.

வீட்டில் சிறுவர் இருந்தால் தயாரிப்பாளரின் வயது வரம்பை மதிக்கவேண்டும். மேற்சொன்ன சோனி கருவி 12 வயதுக்குட்பட்டோருக்கு உரியதன்று என்று நிறுவனமே அறிவித்துள்ளது.

அட்டையையும் காக்க வேண்டும்

கருவியின் விலையோடு செலவு நின்றுவிடுவதில்லை. சில பந்தய விளையாட்டுகள் மாதச் சந்தாவில் இயங்குகின்றன. வேறு சிலவற்றில், விளையாட்டுக்குள் புதிய கார் வாங்க உண்மைப் பணம் செலுத்தும் வசதி உண்டு. விளையாட்டுக் கணக்கில் பெற்றோரின் அட்டை விவரம் பதிந்திருந்தால், சிறு சிறு தொகைகளாகப் பணம் கரைவது மாத இறுதியில்தான் தெரியவரும்.

அட்டையின் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தனித்தனியே திறக்கவும் மூடவும், ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு வைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி தரவேண்டும் என்பது 2020-இலிருந்து நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. மொபைல் செயலியில் இதனைச் சில நொடிகளில் செய்யலாம். விளையாட்டுச் செலவுக்கெனக் குறைந்த இருப்புள்ள தனிக் கணக்கின் அட்டையைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. சந்தாத் தொகை தானாகப் பிடிக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக வரும் அறிவிப்பைப் படிக்காமல் அழித்துவிடக் கூடாது. வேண்டாத சந்தாவை நிறுத்தும் வாய்ப்பு அதிலேயே உள்ளது.

பணம் கட்டி, வென்றால் பணம் தருவதாகக் கூறும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்துள்ளது. மின்-விளையாட்டுப் போட்டிகளை அச்சட்டம் வேறாகவே கருதுகிறது. பந்தயக் கார் படத்தைக் காட்டிப் பணயம் வைக்க அழைக்கும் செயலிகளிடமிருந்து பிள்ளைகளை விலக்கி வைப்பது பெற்றோரின் கடமை.

அந்த வாடிக்கையாளரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அடுத்த வாரமே மகனை அழைத்துக்கொண்டு அதே கூடத்துக்குச் சென்றுவந்ததாகப் பின்னர் தெரிவித்தார். மகன் இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறார், தலைச்சுற்றல் இல்லை. இப்போதைக்கு ஸ்டீயரிங்கும் பெடலும் மட்டும், அவையும் ரொக்கத்தில். ஹெட்செட்டைப் பற்றித் தீபாவளிக்குப் பேசலாம் என்று இருவரும் உடன்பட்டுள்ளனர். விடைபெறும்போது, மகன் வற்புறுத்தித் தாமும் ஒருமுறை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டதாகக் கூறிச் சிரித்தார்.

"அந்த மூன்றாவது வளைவு உண்மையிலேயே அவ்வளவு மேடா?" என்று எங்களைக் கேட்டார்.