ஒரு தொகுதி, பதின்மூன்று வெற்றி: கே.எம்.மாணியின் கணக்கு

2019 செப்டம்பரில் கேரளத்தின் பாலா தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், ஐக்கிய ஜனநாயக முன்னணி வேட்பாளர் ஜோஸ் டோம் அன்னாசிப் பழச் சின்னத்தில் நின்றார். அவருடைய கட்சியான கேரள காங்கிரஸ் (எம்)-இன் சின்னம் இரட்டை இலை. தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வுக்கு இருப்பதுபோலவே அங்கே அந்தக் கட்சிக்கு அது இருந்தது. மாநிலக் கட்சிகளின் சின்னம் அந்தந்த மாநிலத்துக்கு மட்டும்தான் செல்லும் என்பதால் இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் கட்சிக்குள்தான். வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே கட்சியின் இன்னொரு தலைவரான பி.ஜே.ஜோசப். அவர் போடவில்லை. வாக்கு எண்ணியபோது, இடது முன்னணி சார்பில் நின்ற தேசியவாத காங்கிரஸின் மாணி சி.காப்பன் 2,943 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார்.

இதே காப்பன் அதற்கு முன் 2006, 2011, 2016 என்று மூன்று முறை அங்கே தோற்றவர். மூன்று முறையும் அவரைத் தோற்கடித்தவர் ஒருவரே: கே.எம்.மாணி. 1965இல் பாலா தொகுதி உருவானதிலிருந்து அந்த இடைத்தேர்தல்வரை அந்தத் தொகுதி வேறு எவரையும் தேர்ந்தெடுத்ததில்லை. பதின்மூன்று தேர்தல், பதின்மூன்று வெற்றி. மு.கருணாநிதியும் பதின்மூன்று முறை நின்று தோற்காதவர்தான். ஆனால் அவர் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று தொகுதி மாறியவர். மாணி பாலாவை விட்டு நகரவே இல்லை.

ஒரு மனிதர் ஒரே ஊரில் இத்தனை காலம் ஜெயித்ததற்குச் செல்வாக்கு என்று ஒரே சொல்லில் காரணம் சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கேரளத்தின் கூட்டணிக் கணக்கில் இருக்கிறது. மாணியைப் பற்றித் தெரிந்துகொள்வதில் உள்ள பயனும் அதுதான்: பெரிய கட்சியில் இல்லாத ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பது அவர் வாழ்க்கையில் தெளிவாகத் தெரியும்.

வழக்கறிஞரான மாணி காங்கிரஸில்தான் வளர்ந்தார். 1964இல் பி.டி.சாக்கோ இறந்தார். உள்துறை அமைச்சராக இருந்து பதவி விலக நேர்ந்தவர் அவர். மத்திய திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவர்கள் அவரைத் தங்கள் தலைவராகக் கருதினார்கள். அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று கொதித்த காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் பதினைந்து பேர், கே.எம்.ஜார்ஜ் தலைமையில், செப்டம்பரில் தங்கள் முதல்வர் ஆர்.சங்கருக்கு எதிராக வாக்களித்து அரசைக் கவிழ்த்தார்கள். அக்டோபரில் கோட்டயத்தில் கேரள காங்கிரஸ் பிறந்தது. நாயர் சமுதாயத் தலைவர் மன்னத்து பத்மநாபன் அதற்கு ஆசி வழங்கினார். தொடக்கத்திலேயே அது சர்ச் மட்டும் நடத்திய கட்சி அல்ல. நிலம் வைத்திருந்த இரண்டு சமுதாயங்கள் கைகோத்த கட்சி.

1965 தேர்தலில் புதிய கட்சி 23 இடங்களைப் பிடித்தது. பாலாவில் மாணி வென்றார். ஆனால் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 40 இடங்களுடன் முதலிடத்தில் வந்த மார்க்சிஸ்ட் கட்சியாலும் ஆட்சி அமைக்க முடியவில்லை. பேரவை ஒருநாள்கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது. மாணியின் முதல் வெற்றி அப்படிப் பதவியேற்பே இல்லாத வெற்றியாகப் போயிற்று. உண்மையில் அவர் அவைக்குள் நுழைந்தது 1967இல்தான்.

1970இல் கதையே முடிந்திருக்கும். காங்கிரஸின் எம்.எம்.ஜேக்கப்பை (பின்னாளில் மேகாலய ஆளுநர்) அவர் வென்றது வெறும் 364 வாக்கில். நெருக்கடி நிலைக் காலத்தில் பேரவையின் ஆயுள் நீட்டிக்கப்பட்டதால், அந்த 364 வாக்கு அவரை 1977 வரை எம்.எல்.ஏ.வாக வைத்திருந்தது. நடுவே, 1975 டிசம்பரில், அச்சுத மேனன் அமைச்சரவையில் நிதியமைச்சராகவும் ஆக்கியது. தோல்வியே அறியாதவர் என்று பெயரெடுத்த தலைவர்களின் பட்டியலில் இப்படி ஒரு மயிரிழை எப்போதும் ஒளிந்திருக்கும்.

பாலா எப்படிப்பட்ட ஊர்? மீனச்சில் ஆற்றங்கரை. கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடம். சுற்றிலும் ரப்பர். 1960இல் ரிசர்வ் வங்கி நீதிமன்றம் போய் மூடவைத்த பாலை சென்ட்ரல் வங்கி இந்த ஊர்க்காரர்களுடையது; அது மூழ்கியதன் பின்விளைவாகத்தான் வங்கி வைப்புத்தொகைக்குக் காப்பீடு தரும் சட்டம் 1961இல் நாட்டுக்கே வந்தது. சிறு, நடுத்தர விவசாயிகள் கையில் பணப்பயிர். அந்தப் பயிரின் விலையோ அவர்கள் கையில் இல்லை. இப்படிப்பட்ட ஊருக்கு அமைச்சரவையில் தன் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பது, கொள்கை பேசும் கட்சி ஒன்று ஆட்சிக்கு வருவதைவிட முக்கியம். 'மாணி சார்' என்று ஊரே அவரை அழைத்தது.

சமூக அடித்தளம் இருந்தால் ஒரு தொகுதி கிடைக்கும். பதவி கிடைக்கக் கணக்கு வேண்டும். கேரளத்தில் இரண்டு முன்னணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் பெரும்பாலும் சில சதவீதம்தான். கோட்டயம், இடுக்கி, பத்தனம்திட்டை, எர்ணாகுளத்தின் கிழக்குப் பகுதி ஆகியவற்றில் ஒரு கட்சி எட்டு, ஒன்பது இடங்களைக் கையில் வைத்திருந்தால் மாநில அளவில் அதற்கு எத்தனை சதவீத வாக்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை. மாணியின் பலம் வாக்கின் அளவில் இல்லை, அது விழுந்த இடத்தில் இருந்தது. 2011 தேர்தலில் ஐக்கிய முன்னணிக்கு 72, இடது முன்னணிக்கு 68. மாணியின் கட்சிக்கு 9. அவர் நிதியமைச்சரானதில் வியப்பென்ன!

கேரள காங்கிரஸின் பிளவுகள் மலையாளிகளுக்கே தலைசுற்றும் விஷயம். எம், ஜே, பி, ஜேக்கப், செக்யூலர் என்று பின்னொட்டு வைத்தே கட்சியை அடையாளம் காண வேண்டும். 'வளருந்தோறும் பிளரும், பிளருந்தோறும் வளரும்' என்று மாணி சொன்னது பழமொழியாகவே ஆகிவிட்டது. அதில் கேலியைவிடக் கணக்கு அதிகம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் அது தாவல் அல்ல, பிளவு. நூறு எம்.எல்.ஏ. உள்ள கட்சியில் முப்பத்துநான்கு பேரைத் திரட்டுவது பெரும்பாடு. ஆறு பேர் உள்ள கட்சியில் இரண்டு பேர் காபி குடிக்கப் போனால் போதும். 2003இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. சட்டம் கடிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேரள காங்கிரஸின் இன்னொரு தலைவரான ஆர்.பாலகிருஷ்ண பிள்ளை 1990இல் இதே சட்டத்தில் எம்.எல்.ஏ. பதவியை இழந்தார்.

மாணிக்கும் ஜோசப்புக்கும் இடையிலான பகை ஒரு நாற்காலியில் தொடங்கியது. 1977இல் மாணி உள்துறை அமைச்சர். பாலாவில் அவர் வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, பதவி விலகினார். அந்த இடத்துக்கு இளைஞரான ஜோசப் வந்தார். 1978இல் உச்ச நீதிமன்றம் மாணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜோசப் எழுந்தார், மாணி உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே கட்சி உடைந்தது. மாணியின் பிரிவு 'எம்' ஆயிற்று. 1985இல் சேர்ந்தார்கள், 1987இல் பிரிந்தார்கள், 2010இல் மறுபடி சேர்ந்தார்கள். 2019இல் பாலாவுக்கு வராமல் போன கையெழுத்தின் வயது நாற்பது.

அணி மாறுவதிலும் மாணிக்குத் தயக்கம் இருந்ததில்லை. 1980இல் இ.கே.நாயனாரின் இடது அரசில் நிதியமைச்சர். விவசாயத் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் வந்தது அந்த அரசின் காலத்தில். 1981 அக்டோபரில் ஏ.கே.ஆண்டனியின் காங்கிரஸ் பிரிவு ஆதரவை விலக்கிக்கொள்ள, மாணியும் விலகினார், அரசு விழுந்தது. டிசம்பரில் காங்கிரஸின் கருணாகரன் முதல்வரானபோது மாணி மறுபடி அமைச்சர். அவையில் இரு தரப்பும் சமம். சபாநாயகர் ஏ.சி.ஜோஸ் திரும்பத் திரும்பத் தன் தீர்மான வாக்கைப் போட்டு அரசைக் காப்பாற்றினார். வாக்குகள் சமமாக இருந்தால் மட்டுமே சபாநாயகர் வாக்களிக்கலாம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 189ஆம் பிரிவு. ஓர் அரசின் உயிரே அந்தப் பிரிவில் தொங்கியது இந்தியாவில் அரிது. 1982 மார்ச்சில் ஓர் எம்.எல்.ஏ. ஆதரவை விலக்க, அந்த அரசும் விழுந்தது. விலக்கியவர் லோனப்பன் நம்பாடன். மாணியின் சொந்தக் கட்சிக்காரர்.

நிதி, வருவாய், சட்டம், உள்துறை என்று எல்லாம் பார்த்தவர் என்றாலும், அவர் பெயர் நிற்பது பட்ஜெட்டில். கேரளப் பேரவையில் அதிக பட்ஜெட் தாக்கல் செய்தவர் அவர். 2011இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருவாயில் புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய்ச் சிகிச்சைக்கு ஏழைகளுக்கு உதவி போயிற்று. 2003இல் லாட்டரியையே தடை செய்துவிட்ட தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது இது விநோதமாகத் தெரியலாம். கேரளத்தில் 1967 முதலே அரசு லாட்டரி நடத்துகிறது. மாணி செய்தது அந்தப் பணத்துக்கு ஒரு முகவரி கொடுத்தது. ரப்பர் விலை சரிந்தபோது, கிலோவுக்கு 150 ரூபாய் கிடைக்கும்படி ஈடுசெய்ய 2015 பட்ஜெட்டில் 300 கோடி ஒதுக்கினார். தன் தொகுதிக்குச் செய்தது மாநிலத் திட்டமாகவும் தெரிய வேண்டும் என்பதில் அவர் கைதேர்ந்தவர்.

அந்த 2015 பட்ஜெட் வந்தபோது, அவரைச் சாய்க்கப்போகும் குற்றச்சாட்டு ஏற்கெனவே எழுந்திருந்தது. 2014இல் தரக்குறைவானவை என்று 418 மதுக்கூடங்களின் உரிமத்தை அரசு புதுப்பிக்கவில்லை. புதுப்பிக்க ஏற்பாடு செய்வதற்காக மாணிக்கு ஒரு கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது என்று மதுக்கூட உரிமையாளர்கள் சங்கத்தைச் சேர்ந்த பிஜு ரமேஷ் அக்டோபர் இறுதியில் குற்றம்சாட்டினார். மாணி மறுத்தார். அவர் பட்ஜெட் வாசிக்க விடமாட்டோம் என்றது இடது முன்னணி. மார்ச் 13 அன்று, தன் பதின்மூன்றாவது பட்ஜெட்டுடன், அவைக் காவலர்களும் சக எம்.எல்.ஏ.க்களும் அரண்போல நிற்க அவர் உள்ளே வந்தார். மேடையேறிய எதிர்க்கட்சியினர் சபாநாயகரின் நாற்காலியைத் தூக்கிக் கீழே தள்ளினார்கள், கணினிகள் உடைந்தன. அந்தக் களேபரத்தில் மாணி சில நிமிடம் வாசித்தார், சபாநாயகர் சைகையால் அனுமதித்தார், ஆளுங்கட்சியினர் லட்டு பரிமாறிக்கொண்டார்கள். யார் காதிலும் விழாத பட்ஜெட் தாக்கலானதாகுமா என்ற கேள்வி எழுந்தது. ஆண்டு நிதிநிலை அறிக்கை அவையின் முன் வைக்கப்பட வேண்டும் என்றுதான் 202ஆம் பிரிவு கேட்கிறது. காதில் விழ வேண்டும் என்று கேட்கவில்லை.

நவம்பரில் உயர் நீதிமன்றம், சீசரின் மனைவி சந்தேகத்துக்கு இடம்கொடுக்கக் கூடாது என்ற உவமையைச் சுட்டிக் கடுமையாகப் பேசியது. மறுநாள் மாணி பதவி விலகினார். லஞ்ச ஒழிப்புப் பிரிவு பின்னர் ஆதாரம் இல்லை என்று அறிக்கை அளித்தது, குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அதன் பிறகு அவர் அமைச்சராகவில்லை. 2016இல் காப்பனை 4,703 வாக்கில் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் முன்னணியை விட்டு வெளியேறித் தனி அணியாக உட்கார்ந்தார். 2018 ஜூனில், மகன் ஜோஸ் கே.மாணிக்கு மாநிலங்களவை இடம் வாங்கிக்கொண்டு திரும்பினார். முதல்வர் பதவிதான் கடைசிவரை எட்டவில்லை. ஒன்பது எம்.எல்.ஏ. இருந்தால் எந்த அரசையும் ஆட்டலாம். அந்த ஒன்பதை வைத்து அரசுக்குத் தலைமை தாங்க, பெரிய கட்சி ஒன்று தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். எந்தக் கட்சியும் விட்டுக்கொடுக்கவில்லை.

2019 ஏப்ரல் 9 அன்று, 86 வயதில், எம்.எல்.ஏ.வாகவே மறைந்தார். நீண்ட காலம் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்ற கேரளச் சாதனை அப்போது அவருடையது; 2022இல் அதே கோட்டயம் மாவட்டத்தின் புதுப்பள்ளியைச் சேர்ந்த உம்மன் சாண்டி அதைத் தாண்டினார். 2020இல் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை ஜோஸ் கே.மாணிக்குக் கொடுத்தது. அந்த இலையுடன் அவர் போய்ச் சேர்ந்தது இடது முன்னணியில், அதாவது தன் தந்தையின் பட்ஜெட்டை மறித்தவர்களிடம். சில மாதங்களில் காப்பன் எதிர் அணிக்குத் தாவினார். 2021இல் இடது முன்னணி 99 இடங்களுடன் மீண்டும் ஆட்சிக்கு வர, கேரள காங்கிரஸ் (எம்) ஐந்து இடம் வென்று அமைச்சர் பதவியும் பெற்றது. ஆனால் பாலாவில் ஜோஸ் கே.மாணியே காப்பனிடம் 15,378 வாக்கில் தோற்றார்.

2015 பட்ஜெட் நாளில் நடந்த அந்தக் களேபரம் தொடர்பான வழக்கைத் திரும்பப் பெற அனுமதி கேட்டு, அதே ஆண்டு கேரள அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஊழல் அமைச்சருக்கு எதிரான போராட்டம் அது என்று அரசு வழக்கறிஞர் வாதிட, அரசில் பங்கு வகித்த மாணியின் கட்சி கொதித்துப்போனது. சட்டமன்ற உரிமை என்பது பொதுச்சொத்தை உடைப்பதற்கான உரிமை அல்ல என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவரான வி.சிவன்குட்டி அப்போது கல்வி அமைச்சர். அவருடன் அதே அமைச்சரவையில் மாணியின் கட்சியைச் சேர்ந்த ரோஷி அகஸ்டின் உட்கார்ந்திருந்தார்.