இன்சுலினோடு ஓர் ஒகேனக்கல் பயணம்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பேருந்தில் செல்வோர் மலைச்சாலையின் வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்கிவிடுவர். மிதிவண்டியில் செல்வோருக்கு அதே சாலை வேறு வகையானது. போகும்போது இறக்கம், கால்களுக்கு வேலையே இல்லை. திரும்பும்போதோ, இறங்கிய ஒவ்வோர் அடியையும் மிதித்தே ஏற வேண்டும். உடலும் தன் கணக்கைச் சற்றுப் பொறுத்துத்தான் கேட்கும் என்பதை அந்தப் பயணத்தில்தான் நான் அறிந்துகொண்டேன்.

எனக்கு வயது 46. பத்தாண்டுகளாக நீரிழிவு உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளாக இன்சுலின். பள்ளிக் காலம் முதல் பழகிய நண்பர்கள் மூவர் கியர் மிதிவண்டி வாங்கி, ஞாயிறுதோறும் மேடு பள்ளம் பாராமல் சுற்றத் தொடங்கினர். அவர்களைப் பார்த்து நானும் ஒரு பழைய வண்டியை வாங்கினேன். மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டு, ஆற்றங்கரை வரை இறங்கி, மாலையில் மேலேறி, இரவைக் கூடாரத்தில் கழித்து, மறுநாள் மண்பாதைகளில் வண்டியோட்டுவதென முடிவாயிற்று.

புறப்படும் முன் என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஊசி போடுற விஷயத்தை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்றேன். அது பொய். மாத்திரை உண்கிறேன் என்பது வரைதான் நண்பர்கள் அறிவர். ஊசி என்றால் 'இவனை அழைத்துச் செல்ல வேண்டுமா?' என்று தயங்குவார்கள் என எண்ணினேன்.

மாசியில் இப்பகுதியைக் கண்டவர்கள் அறிவர். ராகி அறுத்த தாள்கள் வெளுத்து நிற்கும். உசிலையும் வேலும் இலையுதிர்த்துச் சாம்பல் நிறமாகும். சாலையோரப் புளியமரங்களில் மட்டும் காய் தொங்கும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தே பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் இலக்கணம் கூறுகிறது. நமக்குத் தனியே ஒரு பாலைவனம் இல்லை. ஆண்டில் நான்கு மாதம் நம் ஊரே பாலையாகிவிடுகிறது. அந்த வறட்சியைக் கடந்து இறங்கினால் கீழே காவிரி.

அன்று ஆற்றங்கரையில் வறுத்த மீன் உண்டோம். வெயில் தாழ்ந்ததும் ஏற்றத்தைத் தொடங்கினோம். எத்தனை முறை இறங்கித் தள்ளினேன் என்பதை எண்ணவில்லை. ஆனாலும் மேலே வந்து சேர்ந்தபோது இருபது வயதுக்காரனின் செருக்கு எனக்கு வந்திருந்தது.

கூடாரம் அடித்தது நண்பர் ஒருவரின் சொந்த வயலில். காட்டுக்குள் தங்கலாமே என்று கேட்போருக்கு ஒரு சொல்: காவிரிக்கரைக் காடுகள் யானைகள் நடமாடும் இடம்; வனத்துறையின் அனுமதியின்றி அங்கு இரவு தங்குவது குற்றம். எட்டு மணிக்குக் களியும் குழம்பும் உண்டேன். மறைவாகச் சென்று, வழக்கமான அளவு இன்சுலினைத் தொடையில் போட்டுக்கொண்டேன். நன்றாக உறங்கிவிட்டேன்.

பிறகு நடந்ததை நண்பர்கள் சொல்லித்தான் அறிவேன். இரவு இரண்டு மணியளவில் நான் எழுந்து உட்கார்ந்து, தொடர்பில்லாமல் ஏதோ பேசியிருக்கிறேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கைகள் நடுங்கின. ஒருவர் குளிர்காய்ச்சல் என்று போர்வையைப் போர்த்தினார். இன்னொருவர் நான் மறைவாகச் சென்று மது அருந்திவிட்டேன் என்று நினைத்து, "தூங்கட்டும் விடு, காலையில் சரியாகிவிடும்" என்றார். அவர் சொன்னபடி விட்டிருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பது ஐயமே.

மூன்றாமவர் என் மனைவிக்குத் தொலைபேசினார். வயல் வரப்பின் ஒரு மூலையில்தான் அலைவரிசை கிடைத்தது. செய்தியைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "விழுங்க முடியுதா அண்ணா?" முடியும் என்றதும், பையின் எந்த அறையில் குளுக்கோமீட்டர் இருக்கிறது என்று சொன்னாள். அளவு 48. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. நண்பர் பையிலிருந்த கடலை மிட்டாயை எடுத்திருக்கிறார். வேண்டாம் என்று தடுத்தாள். கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். தேநீருக்காகக் கொண்டுவந்த சர்க்கரையில் மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம், நீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 61. மீண்டும் அதே அளவு. அடுத்த முறை 92. அதன் பிறகுதான் கடலை மிட்டாய்க்கும் வாழைப்பழத்துக்கும் அனுமதி கிடைத்தது. நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவள் சொல்லியிருந்தாள். இவையெல்லாம் நம் மருத்துவமனையின் நீரிழிவு வகுப்பில் அவள் கேட்டவை. அவ்வகுப்புகளில் நானும் அமர்ந்திருந்தேன், கவனித்தவள் அவள்.

மறுவாரம் மருத்துவரிடம் சென்றேன். திட்டுவார் என எதிர்பார்த்தேன், அவர் விளக்கினார். நெடுநேரம் உழைத்த தசைகள், செலவழித்த சேமிப்பை நிரப்பிக்கொள்வதற்காக இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்குமாம். இது 24 மணி நேரம் வரைகூட நீடிக்கலாம். எனவே மிதிக்கும்போது தப்பியவர் உறக்கத்தில் அகப்படக்கூடும். உழைக்கும் தொடையில் ஊசி போட்டால் மருந்து விரைந்து சேர வாய்ப்புண்டு. வயிற்றில் போடுவது மேல். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போருக்கும் இத்தகைய தாழ்சர்க்கரை வரலாம். ஊசிக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. பயணநாளுக்கு இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதையும் எழுதிக் கொடுத்தார். அந்த எண்ணை இங்கே குறிப்பிடமாட்டேன். என் அளவு உங்கள் அளவு அன்று. உங்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

நண்பர்களிடம் சொன்னதுதான் கடினமாக இருந்தது. அவர்கள் தயங்குவார்கள் என்று அஞ்சியிருந்தேன், கோபித்துக்கொண்டார்கள். நான் நோயாளி என்பதற்காக அன்று, சொல்லாததற்காக.

அடுத்த மாதமே மீண்டும் சென்றோம். இம்முறை ஏற்றத்துக்கு என் வண்டி 'குட்டியானை'யில் வந்தது. யானைக்காட்டுச் சாலையில் குட்டியானையில் வந்தவன் என்று இன்றும் கேலி செய்கிறார்கள். இன்சுலினை வெயில் படும் பையில் வைக்காமல், ஈர மணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை இறக்கி, அதில் வைத்து நிழலில் மூடினோம். பனிக்கட்டியின் மேல் நேராக வைத்தால் மருந்து உறைந்து கெடும் என்பதையும் அப்போது அறிந்தோம். குளுக்கோஸ் பொட்டலம் என்னிடம் ஒன்று, மூவரிடமும் ஒவ்வொன்று. குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். நம் மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதற்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. படுக்கையை வெறுந்தரையில் விரிக்கவில்லை. கூடாரத்தின் வாயிலை முழுவதும் இழுத்து மூடினோம். உறங்குவோரை இரவில் தீண்டும் கட்டுவிரியனின் கடி பல வேளைகளில் வலிப்பதே இல்லை. விழித்தவர் வயிற்றுவலி என்றோ, கண்ணிமை தாழ்கிறது என்றோ சொன்னால் அரை நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கடிவாயைக் கீறுவதும் கட்டுவதும் கூடாது.

படுக்கும்முன் அளவு 134. ஒரு வாழைப்பழமும் சிறிது பாலும் எடுத்துக்கொண்டேன். முன்பு என்னைக் குடித்தவன் என்று நினைத்த நண்பர், தன் கைப்பேசியில் இரண்டு மணிக்கு அலாரம் வைத்திருந்தார். எழுப்பி, விரலில் குத்தி, விளக்கொளியில் எண்ணைப் பார்த்தார்: 112. உடனே வரப்பின் அந்த மூலைக்கு நடந்து சென்று என் மனைவியை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தாள், உறங்கவில்லை போலும்.

"நூத்திப் பன்னிரண்டும்மா" என்றார்.

"சரிங்க அண்ணா. நீங்களும் போய்ப் படுங்க" என்றாள்.