முதுமையில் சிறுநீர்த் தடை: மறைக்க வேண்டாத நோய்

நமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. நெல்லும் கடலையும் பயிரிடுபவர். கிராம சபை கூடும் நாளில் முன்வரிசையில் அமர்ந்து, வாய்க்கால் தூர் வாரிய கணக்கை வரிவரியாகக் கேட்பது அவர் வழக்கம். அத்தகையவர் திடீரென்று கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக் கொண்டார். ஏதோ மனத்தாங்கல் என்று ஊரார் நினைத்தனர். நாமும் அவ்வாறே எண்ணிவிட்டோம். பின்னர் ஓர் இரவு அவருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. விடியும்வரை துடித்து, முதல் பஸ்ஸில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே குழாய் செலுத்தி வெளியேற்றிய சிறுநீர் ஒரு லிட்டருக்கும் மேல் இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டியிருந்ததாலேயே இரண்டு ஆண்டுகளாகச் சபைக்கு வரவில்லை என்றும், வீட்டாரிடம் சொல்லவும் வெட்கப்பட்டதாகவும் அப்போதுதான் கூறினார். யாரேனும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாம் கேட்கவில்லை.

இந்நோய்க்கு இன்று நல்ல சிகிச்சைகள் உண்டு. அவை இன்னவை, யாருக்கு எது பொருந்தும் என்பதை ஊராட்சி அங்கத்தினரும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருப்பது அவசியம். நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் கற்றும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

நோயின் தன்மை

ஆடவரின் சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே புராஸ்டேட் என்னும் சுரப்பி ஒன்று உள்ளது. விந்துடன் கலக்கும் நீரைச் சுரப்பது அதன் தொழில். இளமையில் அது பெரிய நெல்லிக்காய் அளவினது; எடை ஏறத்தாழ 20 கிராம். சிறுநீர் செல்லும் குழாய் இச்சுரப்பியின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. நாற்பது வயதிற்குப் பின் சுரப்பி மெல்லப் பருக்கத் தொடங்குகிறது. அறுபது வயதில் ஆடவரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பத்தைந்து வயதில் பத்தில் ஒன்பது பேருக்கும் இப்பருமன் காணப்படும். எல்லோருக்கும் அது உபாதை தருவதில்லை. சிலருக்கு மட்டும் குழாய் நெருக்குண்டு, மதகை அடைத்த வாய்க்கால் போல ஓட்டம் குன்றுகிறது.

சிறுநீர் தொடங்கத் தாமதம், மெலிந்த தாரை, விட்டு விட்டு வருதல், முழுதும் கழியாத உணர்வு, இரவில் பலமுறை எழுதல், அடக்க இயலாத அவசரம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடல் சூடு என்று கருதி இளநீரும் மோரும் பருகியே நாட்களைக் கடத்துவோர் உளர். இளமையில் செய்த பிழையின் பலன் என்று எண்ணி உள்ளுக்குள் குமைவோரும் உளர். இரண்டும் தவறு. நரை திரை போல் வயதோடு வருவது இது. இது புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமில்லை. ஆனால் புற்றுநோயும் அதே சுரப்பியில் தனியாகத் தோன்றக் கூடும். நீரிழிவு, கல், கிருமித் தொற்று ஆகியவையும் இதே குறிகளைக் காட்டலாம். ஆகவே டாக்டரின் பரிசோதனையும், சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளும் இன்றி இன்ன நோய் என்று தாமே முடிவு செய்யலாகாது.

நோயின் கடுமையை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உலகெங்கும் வழங்கி வருகிறது. மொத்த மதிப்பெண் 35. ஏழு வரை இலேசு. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-ம் அதற்கு மேலும் கடுமை. இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு: “எஞ்சிய வாழ்நாள் முழுதும் இப்படியே இருக்க நேர்ந்தால் உமக்கு எப்படியிருக்கும்?” ஆபத்து ஏதும் இல்லாதவரையில், எந்தச் சிகிச்சை என்பது பெரும்பாலும் இந்த விடையைப் பொறுத்ததே.

முதல் வழி: கவனித்து வருதல்

தொல்லை இலேசாயின் மருந்து வேண்டுவதில்லை. படுக்கைக்கு இரண்டு மணி முன்னதாகவே நீர் அருந்துவதை நிறுத்துதல், காப்பி, தேநீர், மது ஆகியவற்றைக் குறைத்தல், மலச்சிக்கலைத் தவிர்த்தல், ஒருமுறை கழித்தபின் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுதல் ஆகியவை நற்பயன் தரும். ஆனால் எழுந்து போக அஞ்சிப் பகல் முழுவதும் வெயிலில் தண்ணீரின்றி உழைப்பது தீங்கு. ஜலதோஷத்திற்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அடியோடு நிறுத்திவிடக் கூடும். டாக்டரைக் கேளாமல் உண்ணலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்து கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழி: மாத்திரைகள்

மாத்திரைகளில் முக்கியமானவை இருவகை. டாம்சுலோசின் போன்றவை சுரப்பியையும் சிறுநீர்ப்பையின் வாயையும் சார்ந்த தசைகளைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே குணம் தெரியும். சுரப்பியின் பருமன் குறையாது. சிலருக்கு எழுந்து நிற்கையில் தலை சுற்றும். ஆகவே மெல்ல எழ வேண்டும். இம்மாத்திரையை உண்டால் கண்ணின் பாவை தளர்ந்து, கண்புரை அறுவையின்போது சிக்கல் நேரலாம். எனவே கண் சிகிச்சை முகாமுக்குச் செல்வோர், இதை உண்பதையோ முன்பு உண்டதையோ டாக்டரிடம் மறவாமல் கூற வேண்டும்.

ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு ஆகியவை மற்றொரு வகை. இவற்றின் வரலாறு ஒரு கிராமத்தோடு தொடர்புடையது. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்னும் சிற்றூரில் பரம்பரைக் குறை ஒன்று உள்ள ஆடவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 1974-ம் ஆண்டில் வெளிவந்தது. ஆண்மைச் சுரப்பு நீரை வீரியமிக்க மற்றொன்றாக மாற்றும் நொதி அவர்கள் உடலில் குறைவு. அவர்களுடைய புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்நொதியைத் தடுப்பதே இம்மாத்திரைகளின் வேலை. சுரப்பி சுமார் நாலில் ஒரு பங்கு சுருங்கும். ஆயின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். சிலருக்குக் காம இச்சை குறையலாம். புற்றுநோயை ஐயுறுவதற்குச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவை இது பாதியாகக் காட்டும். ஆதலின் மாத்திரை உண்பதைச் சொல்லியே பரிசோதிக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடலாகாது.

சுரப்பி பெரிதாயின் இருவகையையும் சேர்த்துத் தருவதுண்டு. அமெரிக்காவில் 3,047 ஆடவரை ஆராய்ந்து 2003-ம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட, முதல்வகை மருந்தொன்றையும் ஃபினாஸ்டிரைடையும் சேர்த்து உண்டவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் 66 சதவீதம் குறைந்தது. தனித்தனியே உண்டபோது குறைவு 39, 34 சதவீதமே.

விளம்பரங்களில் புகழப்படும் மூலிகைச் சரக்குகளிலும் எச்சரிக்கை வேண்டும். சா பல்மெட்டோ என்னும் அமெரிக்கப் பனைவகையின் கனிச்சாற்றை 369 பேரிடம் சோதித்து 2011-ம் ஆண்டில் வெளியிட்டனர். அது வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் தரவில்லை.

மூன்றாம் வழி: அறுவைச் சிகிச்சை

மாத்திரைக்கு இணங்காத தொல்லை, திரும்பத் திரும்பச் சிறுநீர் அடைத்தல், சிறுநீர்ப்பையில் கல், அடிக்கடி இரத்தம் அல்லது கிருமித் தொற்று, சிறுநீரகக் கேடு ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின் அறுவையைத் தள்ளிப் போடலாகாது. இந்திய மருத்துவப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பீட்டர் ஃபிரேயர் என்னும் ஐரிஷ் டாக்டர், 1900-ம் ஆண்டு டிசம்பரில் இலண்டனில் வயிற்றின் அடிப்பாகத்தைக் கீறிப் பருத்த சுரப்பியை எடுக்கலானார். இன்று பெரும்பாலோருக்கு வயிற்றைக் கீற வேண்டுவதில்லை. சிறுநீர்த் துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்தி, தடையாயுள்ள சதையை உள்ளிருந்தே சீவி எடுக்கின்றனர். இடுப்புக்குக் கீழ் மரத்துப் போக ஊசி போட்டால் போதும். ஓரிரு நாள் குழாய் இருக்கும். சில வாரங்கள் சிறுநீரில் சிறிது இரத்தம் காணலாம். ஏறத்தாழ ஒரு மாதம் பாரம் தூக்குவதும் மண்வெட்டி பிடிப்பதும் கூடாது. ஆகவே அவசரமில்லாதோர் அறுவடை முடிந்த காலத்தைத் தேர்ந்து கொள்வது நலம். லேசர் ஒளியால் செய்யும் முறையில் இரத்தப் போக்கு குறைவு. மிகப் பெரிய சுரப்பிக்கும் அது ஏற்றது.

இவ்வறுவையால் ஆண்மை அழியும் என்று அஞ்சிப் பலர் பின்வாங்குகின்றனர். உண்மை யாதெனில், பெரும்பாலோருக்கு விந்து வெளிவராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும்; அதனால் உடலுக்குக் கேடில்லை. விறைப்புத் தன்மை பெரும்பாலோர்க்குக் குன்றுவதில்லை. மக்கட்பேற்றை விரும்புவோர் முன்னரே டாக்டரிடம் கலந்து கொள்ள வேண்டும். சுரப்பியின் வெளிப்பகுதி எஞ்சியிருப்பதால் பின்னரும் பரிசோதனை தேவை.

காத்திருக்கலாகாத வேளை

சிறுநீர் அடியோடு நின்றால் விடியும்வரை பொறுக்கலாகாது. அன்றிரவே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சிறுநீருடன் இரத்தமோ, குளிர்காய்ச்சலோ கண்டாலும் தாமதம் கூடாது. முதியவர் அறியாமலே படுக்கையை நனைத்தால் அதை முதுமையின் குற்றமென்று கடிய வேண்டா. நிரம்பிய ஏரி வழிவது போல், கழியாத சிறுநீர் வழிவதாக இருக்கலாம். வலியின்றியே சிறுநீரகங்கள் கெடுவது இந்நிலையில்தான்.

ஊராட்சிகள் செய்யத் தக்கவை

கிராம சபை கூடும் இடத்தருகே தண்ணீர் வசதியுடன் சிறுநீர் கழிப்பிடம் அமைத்தல், நீண்ட கூட்டத்தில் நடுவே சிறிது இடைவேளை விடுதல், ஊரில் மருத்துவ முகாம் நடக்கையில் ஐம்பது வயதைக் கடந்த ஆடவரை வெட்கமின்றிப் பேசுமாறு ஊக்குவித்தல் ஆகியவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. நிலத்தை அடகு வைக்குமுன் அரசு மருத்துவமனைக்குச் சென்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று விசாரிக்கச் சொல்லலாம். எல்லாவற்றிலும் எளியது, வருவதை நிறுத்திக் கொண்ட பெரியவரின் வீட்டுக்குச் சென்று ஏனென்று கேட்பது.

நாம் முதலில் கூறிய பெரியவர் அறுவைச் சிகிச்சை பெற்றுத் தேறிவிட்டார். சென்ற காந்தி ஜயந்தியன்று கூடிய கிராம சபையில் மீண்டும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். இரண்டு ஆண்டு வாய்க்கால் கணக்கையும் சேர்த்துக் கேட்டார். நாம் மகிழ்ச்சியுடன் வாசித்தோம்.