நோயாளியின் பணத்தில் சங்கத்துக்கு எதிர்ப்பா?

நோயாளியின் வைத்தியத்துக்காகச் சர்க்கார் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தை எடுத்து, "சங்கத்தில் சேராதீர்கள்" என்று ஊழியர்களிடம் பிரசாரம் செய்யலாமா?

இதுதான் கேள்வி. அமெரிக்காவில் இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று!

வரி கட்டுவது யார்?

அமெரிக்காவில் முதியவர்களின் வைத்தியச் செலவுக்கு "மெடிகேர்" என்ற திட்டம் இருக்கிறது. 1965-ம் ஆண்டில் ஜனாதிபதி ஜான்சன் அதற்குக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணம், பெரும்பாலும் தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் வரியில் இருந்து வருகிறது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்சும் அந்த வரி கட்டுகிறார். தரை துடைப்பவரும் கட்டுகிறார்.

லாப நோக்கம் இல்லாத தனியார் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு, சங்கம் அமைக்கும் உரிமைக்கு 1974-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சில நிர்வாகங்கள் சங்கத்தை விரும்பவில்லை. அதைத் தடுக்க, கூலி கொடுத்து ஆலோசகர்களை அமர்த்தின. வேலை நேரத்திலேயே கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிகள் செலவுக் கணக்கைக் காட்டி, மெடிகேரின் பங்கைப் பெற்று வந்தன. ஆலோசகர் கூலியும் அந்தக் கணக்கில் சேர்ந்தால்? நர்சு கட்டிய வரியே நர்சுக்கு எதிராகத் திரும்பும்!

பூட்டுப் போட்ட சட்டம்

1982-ல் அமெரிக்க பாராளுமன்றம் இதற்குப் பூட்டுப் போட்டது. சங்க விஷயத்தில் ஊழியர் மனதைத் திருப்பச் செய்யும் செலவை மெடிகேர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் செய்தது.

ஆனால் அடுத்த ஆண்டே பணம் கொடுக்கும் முறை மாறியது. 1983-ல் வந்த சட்டப்படி, இன்ன நோய்க்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை கொடுக்கலானார்கள். மொத்தமாக வந்த பணத்தில் எந்தக் காசு எதற்குப் போயிற்று என்று பிரித்துப் பார்ப்பது எளிதா?

கோர்ட்டில் தீர்ப்பு

2000-ம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. மாகாணப் பணத்தைச் சங்கத்தை ஆதரிக்கவும் செலவிடக் கூடாது. எதிர்க்கவும் செலவிடக் கூடாது. இதுவே சட்டம்.

முதலாளிகளின் வர்த்தக சபை வழக்குப் போட்டது. 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 9 பேரில் 7 பேர் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். முதலாளி தன் கருத்தைச் சொல்ல மத்திய சட்டம் இடம் தருகிறது; மாகாணம் அதில் குறுக்கிட முடியாது என்பது தீர்ப்பு. 2 நீதிபதிகள் இதற்கு உடன்படவில்லை.

முதலாளி பேசலாம். தன் பணத்தில் பேசட்டும். நோயாளிக்கு என்று வந்த பணம், நோயாளியின் கட்டிலுக்கே போய்ச் சேர வேண்டாமா?