உங்களுக்குத் தெரியுமா? கேமரன் மலைச் சாலையில் ஒரு சுற்று!

கேமரன் மலைக்குப் பெயர் கொடுத்தவர் வில்லியம் கேமரன். நில அளவையாளர். 1885இல் இந்தப் பீடபூமியைப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் விட்டுவிட்டார்! ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் ஏறிப் பார்த்து, இங்கே ஒரு மலைவாசஸ்தலம் வேண்டும் என்று முடிவுகட்டியது 1925இல். நடுவில் போனது முழுசாக 40 வருஷம்!

தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போடும் வேலை தொடங்கிய நாள் எது தெரியுமா? 1928 ஜனவரி 1! புத்தாண்டு அன்றே மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். மழை, மலேரியா, செங்குத்துச் சரிவு எல்லாவற்றையும் தாண்டி 1931இல் சாலை தயார்!

தாப்பா முதல் மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊர் வரை சுமார் 60 கிலோமீட்டர். அதற்குள் நீங்கள் ஏறும் உயரம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர்! ஜன்னலோர இருக்கையில் எலுமிச்சம்பழத்தை முகராமல் ஏறியவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்!

மலேசியாவில் ‘போ’ தேயிலைத்தூள் இல்லாத அடுப்படி உண்டா? அந்தத் தோட்டம் 1929இல் தொடங்கியது. ஜே.ஏ.ரஸ்ஸல் காட்டுச் சரிவைத் தேயிலைத் தோட்டமாக்க இறங்கியபோது அவரிடம் இருந்த பெரிய இயந்திரம் என்ன? ஒரே ஒரு நீராவி ரோடு ரோலர்! கூடவே சில கோவேறு கழுதைகள். மற்றதெல்லாம் தொழிலாளர்களின் கையும் காலும்தான். இன்று மலேசியத் தேயிலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு நிறுவனத்துடையது!

தேயிலைத் தோட்டத்தின் முன் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள். பச்சைப் போர்வையில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள்... அலங்காரத்துக்குப் போட்டது என்று நினைத்தீர்களா? கொழுந்து பறிப்பவர்கள் நடப்பதற்கு விட்ட பாதைகள் அவை! இந்த மலையின் பழைய நடைபாதைகளில் நம் தமிழ்த் தொழிலாளர்களின் கால் பட்டுத் தேய்ந்தவை எத்தனையோ!

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த தகவல். பொறுமையாகக் கேளுங்கள். கேமரன் மலை எந்த மாநிலம்? பகாங். சாலை எங்கிருந்து வந்தது? பேராக்கிலிருந்து! அந்தக் காலத்தில் இந்த மலையில் உள்ள ரிங்லெட் ஊர்க்காரர் ஒருவர் தன் சொந்த மாநிலத் தலைநகரான குவாந்தானுக்குப் போக வேண்டும் என்றால், முதலில் பேராக்கில் இருக்கும் தாப்பாவுக்கு இறங்க வேண்டியிருந்தது. பிறகு தெற்கே போக வேண்டியிருந்தது. பிறகு மலைத்தொடரைத் திரும்பவும் தாண்டி, பகாங்குக்குள் மறுபடி நுழைய வேண்டியிருந்தது! தன் வீட்டுக் கூடத்துக்குப் போக அடுத்த வீட்டுக் கொல்லையைச் சுற்றிய கதைதான். ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயானுக்கு நேராக இறங்கும் 102ஆம் எண் சாலை வந்தது இந்த நூற்றாண்டில்தான். அதுவரை காத்திருந்தது 70 வருஷத்துக்கு மேல்!

பள்ளிக்கூடத்துக்குக் கவச வண்டியில் போயிருக்கிறீர்களா? 1950களில் தானா ராத்தாவில் பிரிட்டிஷ் ராணுவத்தார் பிள்ளைகளுக்கென்று ஸ்லிம் பள்ளி இருந்தது. அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். பிள்ளைகள் மலை ஏறியது ராணுவப் பாதுகாப்பு அணிவகுப்பில்! இந்தக் காலத்துப் பள்ளி வேன் அண்ணன்மார் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்!

தீபகற்ப மலேசியாவில் வண்டியில் போய்ச் சேரக்கூடிய மிக உயரமான இடம் எது? பிரிஞ்சாங் மலை உச்சி! 2,000 மீட்டருக்கும் மேல். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தை ஒட்டியே ஏறுகிறது சாலை. ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டராயிற்றே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் கேட்கும் ஊர் இது!

லேண்ட் ரோவர் முதன்முதலில் உலகத்துக்கு முகம் காட்டியது 1948இல், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். மலேசியாவில் அந்த வண்டி மிக அதிகமாக இருக்கும் இடம்? கேமரன் மலை! மலேசிய சாதனைப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. கோஸ், தக்காளி, ஸ்ட்ராபெரி... எல்லாம் அதில்தான் பயணம்!

சைக்கிள்காரர்களே, லங்காவி சுற்றுப் போட்டி தெரியுமல்லவா? 1996இல் தொடங்கியது. பெயரில் இருப்பது கடல் நடுவே ஒரு தீவு. வீரர்களின் தொடையைப் பதம் பார்த்த ஏற்றங்களில் இந்த மலையும் உண்டு! கார் முதல் கியரில் முனகும் ஏற்றத்தை மிதித்தே ஏறினார்கள்!

தெருவுக்கு எண் போடுவார்கள். இங்கே காட்டுப் பாதைக்கும் எண்! 4 என்றால் பாரிட் அருவி. 9 என்றால் ராபின்சன் அருவி. 10 என்றால் ஜாசார் மலை. ஆனால் தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். தாய்லாந்தின் பட்டு மன்னர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனார். ராணுவம், போலீஸ், பழங்குடியினர் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை!

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் ஊர் வெறும் 5 கிலோமீட்டர்தான். பள்ளி விடுமுறை நெரிசலில் போய்ப் பாருங்கள். காரில் நீங்கள், ஓரமாக நடந்து போகும் பாட்டி; பந்தயம் கட்டினால் நான் பாட்டி பக்கம்!

அதே பகாங்கில் பிரேசர் மலைக்கு ஒரு பழைய சாலை உண்டு. ஒரு வண்டி போகும் அகலம்தான். அந்தக் காலத்துத் தீர்வு? கேட்! ஒரு மணிக்கு ஏறுவோர் முறை, அடுத்த மணிக்கு இறங்குவோர் முறை. நேரம் தவறினால் கீழேயே காத்திருக்க வேண்டியிருந்தது!

ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயில் 185ஆம் எண் சாலையில் ஏறுங்கள். கம்போங் ராஜா தாண்டும். லோஜிங் தாண்டும். குவா மூசாங் தாண்டும். விடாமல் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் திரங்கானுவின் குவாலா பெராங் பக்கம்! பேராக், பகாங், கிளந்தான், திரங்கானு: ஒரே சாலை, 4 மாநிலங்கள்!