இசையும் அதன்பின் இரண்டு நிமிட மௌனமும்

மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் பாணேர் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் பலர், கவுன்டரை அடையும் முன்பே களைத்திருப்பதைக் காண்கிறோம். பாணேர் சாலையின் நெரிசல், வீட்டுக்கடன் தவணை பற்றிய கவலை, அலுவலகத்திலிருந்து ஓயாது வரும் கைபேசி அழைப்புகள் எல்லாம் முகத்தில் தெரிகின்றன. விரல்கள் நடுங்குவதால், காசோலையில் இடும் கையொப்பம் பதிவிலுள்ள மாதிரியோடு பொருந்தாமற் போவதும் உண்டு. சற்று நேரம் அமர்ந்து இளைப்பாறிய பின் அதே கை தெளிவாக எழுதுகிறது. அந்தச் சற்று நேரத்தை நாமே உருவாக்கிக்கொள்ள இசை எளிய துணையாகும்.

உடலில் நிகழ்வது என்ன?

இதயத் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், செரிமானம் ஆகியவற்றை நம் முயற்சியின்றியே நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதன் பரிவு நரம்புகள் ஆபத்தை எதிர்கொள்ள உடலை முடுக்குகின்றன. துணைப்பரிவு நரம்புகள் உடலை ஓய்வுக்குத் திருப்புகின்றன. பின்னவற்றுள் முதன்மையானது, மூளைத் தண்டிலிருந்து இதயம், நுரையீரல், வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு. மூச்சை வெளிவிடும்போது இந்நரம்பின் செயல் மேலோங்கி, இதயத் துடிப்பு சற்றே குறைகிறது. ஆகவே மூச்சு நிதானமானால் இதயமும் நிதானமடைகிறது. நாம் கேட்கும் இசையின் வேகத்திற்கேற்ப நமது மூச்சு, நாம் அறியாமலேயே மாறக்கூடியது.

இதனை லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006-ஆம் ஆண்டு ‘ஹார்ட்’ என்னும் மருத்துவ இதழில் விளக்கினர். இசைக்கலைஞர் 12 பேர், இசைப் பயிற்சியற்றோர் 12 பேர் ஆகியோருக்கு, இந்திய இராக இசை உள்ளிட்ட ஆறு வகை இசை ஒலிக்கப்பட்டது. வேகமான இசையின்போது மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. இடையே 2 நிமிடம் இசை நிறுத்தப்பட்டபோது அவை, இசை தொடங்குமுன் இருந்த அளவிற்கும் கீழே இறங்கின. இசை எவ்வளவு தேவையோ, அதன்பின் வரும் மௌனமும் அவ்வளவு தேவை என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம்.

அருகிலேயே உள்ள செல்வம்

நிதானமான இசைக்குப் புனேவாசிகள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இராகத்தைச் சுரம் சுரமாக விரித்துச் செல்லும் கிரானா மரபின் பேராசான் அப்துல் கரீம் கான், 1913-இல் இந்நகரில் ஆர்ய சங்கீத வித்யாலயத்தை நிறுவினார். தியாகராஜர் கிருதியைப் பாடி இசைத்தட்டில் பதிவுசெய்த அவர், 1937-இல் புதுச்சேரி செல்லும் வழியில், நம் சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். அவருடைய மாணவர் சவாய் கந்தர்வர். சவாய் கந்தர்வரின் மாணவரான பண்டித பீம்சேன் ஜோஷி, குருவின் நினைவாக 1953-இல் தொடங்கிய இசைவிழா புனேயின் டிசம்பர் மாதப் பெருமையாக விளங்குகிறது. இம்மரபினரின் விளம்பகாலப் பாடல்களும், நம் கர்நாடக இசையின் ஆலாபனையும், தனி வீணையும், தம்புரா சுருதியும் ஓய்வுக்கு ஏற்றவை.

கேட்கும் முறை

1. நாள்தோறும் 15 அல்லது 20 நிமிடம் ஒதுக்குங்கள். கைபேசி அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். வாகனம் ஓட்டும்போது இப்பயிற்சி வேண்டாம்.

2. மனம் மிகவும் பரபரப்பாக இருந்தால், அதன் வேகத்தையொத்த பாடலில் தொடங்கிப் படிப்படியாக நிதானமான இசைக்கு வாருங்கள்.

3. ஒலி மெல்லியதாக இருக்கட்டும். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்பது செவிக்குப் பாதுகாப்பன்று என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

4. மூச்சை அடக்காமல், மெதுவாக நீள வெளிவிடுங்கள்.

5. இசை முடிந்ததும் 2 நிமிடம் மௌனமாக அமருங்கள். செயலி தானாகவே அடுத்த பாடலைத் தொடங்கும் வசதியை முன்னரே அணைத்துவிடுங்கள். இல்லையேல் அந்த மௌனம் கிட்டாது.

எல்லை அறிவோம்

இந்த இராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று உலவும் பட்டியல்களை நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்வோர் அதனைத் தொடர்ந்தே இசை கேட்க வேண்டும். துயர நினைவைக் கிளறும் பாடல் எவ்வளவு இனிமையானதாயினும் தவிர்க்கத்தக்கது. தூக்கமின்மையோ படபடப்போ வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள்.

வங்கியாளர்களாகிய நாங்கள் இதனை எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. “கணக்கு முடக்கப்படும், உடனே ஓடிபி சொல்லுங்கள்” என மிரட்டும் மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது நமது பதற்றத்தையே. அத்தகைய அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, எதுவும் செய்யாமல் இரண்டு நிமிடம் அமைதியாக அமருங்கள். பின்னர் கிளையோடு பேசுங்கள். பணம் ஏற்கெனவே பறிபோயிருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்னும் உதவி எண்ணை அழையுங்கள். நாள்தோறும் அமைதியைப் பழகிய மனத்திற்கு, நெருக்கடி வேளையில் நிதானிப்பது எளிதாகும்.